விலாசம் பார்க்காத வளையக்காரர்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையைத் தாண்டிய பறவைகளில் பாதிக்கு ஜாதகம் எழுதியவள் நான். இப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது எனக்கு வழக்கம். பாதி என்பது கூடுதல்தான். நேர்மையாகப் பார்த்தால் லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் எழுதியது நான் என்பதில் பொய் இல்லை. சொன்னவர் கோர்டன் மாபி. பதினாறு இலையுதிர் காலம் அவர் சொல்லச் சொல்ல, ஒரு தகரக் கொட்டகையில், மடக்கு நாற்காலியில், கால்விரல் மரத்துப்போக உட்கார்ந்து எழுதினேன். அந்த மனிதரோடு அவ்வளவு காலம் மல்லுக்கட்டியதற்கு யாரும் எனக்கு ஒரு துண்டு போர்த்தவில்லை. ஆகவே நானே அவர் கதையை எழுதிவைக்கிறேன்.

வெல்தார்ப், லிங்கன்ஷயர் கடற்கரையில். கடல்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் முட்புதர், மணல், அப்புறம் கடல். கோர்டன் என் பக்கத்து வீடு. வடிகால் வாரியத்தில் பம்பு ஓட்டியவர். வயலில் தேங்கும் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளுவதுதான் வேலை. ஒரு வசந்தத்தில் பம்பின் வாயருகே நீர்க்கோழி கூடு கட்டிவிட்டது என்று ஒன்பது நாள் பம்பைப் போடாமல் விட்டு, மூன்று பேருடைய உருளைக்கிழங்கை மூழ்கடித்தார். மூன்று பேர் என்பது அவர் மனைவி மொரீன் சொல்லும் கணக்கு. ஊரில் ஐந்து பேர் என்பார்கள். நான் சொல்லும்போது ஒன்பது பேர்.

ஓட்டியவர் என்றா சொன்னேன், பம்பைத்தான் ஓட்டத் தெரியும். காரில் ஏறினால் நம் உயிர் நம் கையில் இல்லை. மணிக்கு இருபத்தைந்து மைல் வேகத்தில் போவார். வேலிக்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கேட்டால் நடுச்சாலையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வாயைத் திறந்துகொண்டு கேட்பார். பின்னால் டிராக்டர்க்காரன் ஒலியெழுப்பினால், பறவையைக் கலைக்கிறான் என்று அவன்மீது கோபம் வரும். மகள் கல்யாணத்தன்று தேவாலய வாசலில் புகைப்படம் எடுக்கும் நேரத்தில் ஆளைக் காணோம். கல்லறைகளுக்கு நடுவே முழங்காலிட்டு இருந்ததைப் பார்த்து, மனிதர் இறந்துபோன அம்மாவை நினைத்துக் கலங்குகிறார் என்று சம்பந்தி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொரீன் போய்க் காலரைப் பிடித்துத் தூக்கிவந்தாள். கல்லறைக்குப் பின்னால் ஒரு செவ்வாலிக் குருவி இருந்ததாம். அது பெண் குருவி என்பதை ஆண்டு பன்னிரண்டு ஆன பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பெண் என்ன உடை உடுத்தியிருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லாரையும் அன்பாக ‘வாத்து’ என்று கூப்பிடுவார்கள். கசாப்புக் கடைக்காரருக்கு நான் வாத்து, எனக்குப் பல் டாக்டர் வாத்து. கோர்டன் வாயில் மட்டும் அது கொஞ்சம் மரியாதையோடு வரும்: வாத்தம்மா. நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் எடுத்தவள். என் கையெழுத்து புரியும் என்பதால் என்னை எழுத்தராகப் பிடித்துக்கொண்டார்.

வேலை இதுதான். புதர்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளைக் கம்பு நட்டுக் கட்டுவது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வலைகளைச் சுற்றிவந்து, சிக்கிய பறவையை நோகாமல் எடுத்து, சுருக்குப் பையில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவருவது. காலில் ஓர் அலுமினிய வளையம் மாட்டிக் குறடால் மூடுவது. இறக்கையை அளந்து, பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாக நுழைத்து எடை போட்டு, ஜன்னல் வழியே விட்டுவிடுவது. ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண் இருக்கும். பின்பக்கம் ஒரு விலாசம் இருக்கும். பறவை எங்கே போய் யார் கையில் அகப்பட்டாலும் அந்த விலாசத்துக்கு எழுதிப்போட்டால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். எண்ணைப் பறவையைப் பிடித்திருப்பவர்தான் வாசிக்க வேண்டும். எழுத்தர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் மறுபடி வளையத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். தாலி கட்டுவதற்குக்கூட இவ்வளவு சரிபார்ப்பு கிடையாது.

இந்த வளையக்காரர்கள் எல்லாருக்கும் வாழ்க்கையில் ஒரே ஆசை. வேறு நாட்டு வளையம் போட்ட ஒரு பறவை தன் வலையில் விழ வேண்டும். கோர்டனுக்கு அது முப்பத்துமூன்று வருடத்தில் ஒருமுறைகூட நடக்கவில்லை. நாற்பதாயிரம் பறவை அவர் கையில் ஏறி இறங்கியிருக்கிறது. அத்தனையும் ஒன்று வளையம் இல்லாதவை, இல்லையென்றால் அவரே போன வாரம் வளையம் மாட்டியவை. அவர் வளையம் மாட்டி அனுப்பியவற்றிலும் அதிக தூரம் போன சாகசக்காரன் ஒரு நீலச் சிட்டு. இரண்டு மைல் தாண்டி, தபால் நிலையப் பூனையின் வாயில் கிடைத்தது.

இதை அவர் தாங்கிக்கொள்வார். உப்பங்கழிக்கு அக்கரையில் டங்கன் ரெய்த்பி மட்டும் இல்லையென்றால். டங்கன் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். பன்னிரண்டு வருடமாகத்தான் வளையம் மாட்டுகிறான், அதற்குள் பதினொரு வெளிநாட்டுப் பறவை. ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பா வரைபடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தியிருக்கிறான். அந்த வரைபடத்தை அவன் மாட்டியிருப்பது கழிப்பறைக் கதவின் உட்பக்கம். போய் உட்கார்ந்தால் நேர் எதிரே நார்வே தெரியும். கோர்டன் டங்கன் வீட்டுக்குப் போனால் தேநீர் குடிக்கமாட்டார். காரணம் எனக்கும் மொரீனுக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். ஒன்று செப்டம்பரில், ஒன்று ஏப்ரலில். இரண்டும் பறவைகள் கடல் கடக்கும் காலம் என்று இரண்டையும் தள்ளிவைத்தார். மூன்றாவது தேதி அக்டோபர் இருபத்திரண்டு. இதையும் விட்டால் பட்டியலில் கடைசிக்குப் போய்விடுவீர்கள் என்று எழுதியிருந்தார்கள். மொரீன் அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி, அவர் எதிரிலேயே நாட்காட்டியில் கட்டம் போட்டாள்.

“இதுக்கும் போகலன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீ உன் குருவிகளுக்கே சமைச்சுப் போட்டுக்கோ.”

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பல வாரம் குனியக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது, கம்பு நடக்கூடாது. அதற்குள் பருவம் முடிந்துவிடும். ஆகவே அந்த வருடம் வெளிநாட்டுக்காரி யாராவது வருவதானால் இருபத்திரண்டுக்குள் வந்தாக வேண்டும். கடிகாரக்காரர் மாட்டுவது போன்ற பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு தினம் விடியலில் கிளம்பினார். பின்னால் நான், நோட்டும் பென்சிலும் மொரீன் கொடுத்த பிளம் ரொட்டியுமாக.

பதினேழாம் தேதி வந்தது. அதற்கு முன் மூன்று நாளாகக் கிழக்குக் காற்று. அன்று விடியலில் தூறலும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் அந்த இரண்டும் சேர்ந்தால் புதரெல்லாம் கல்யாண வீடு. கடலைத் தாண்டிவந்த களைப்பில் பொன்னுச்சிக் குருவிகள் முள்ளில் விழுந்து கிடக்கும். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், உச்சந்தலையில் மஞ்சள் கோடு. அன்று ஒன்று வந்து என் தோளில் உட்கார்ந்தது. மூன்று உட்கார்ந்தன என்றும் சொல்லியிருக்கிறேன்.

தூறல் நின்றதும் வலை விரித்தோம். ஒரு மணி நேரத்தில் கொட்டகைக் கொக்கிகளில் இடம் இல்லை. சுருக்குப் பைகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றும் தனியாகத் துள்ளிக்கொண்டு. கோர்டன் வாசிக்க, நான் எழுத, வாசிக்க, எழுத. காலையில் வளையம் மாட்டி விட்டதே நாலைந்து மறுபடி வலையில் வந்து விழுந்தன. அவற்றை எடுக்கும்போதெல்லாம் ‘நம்ம ஆளுதான்’ என்று ஒரு முனகல்.

அந்த நேரம் பார்த்து, காதுமடல் தொங்கும் இரண்டு நாயோடு ஒரு வெளியூர்ப் பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். இதையெல்லாம் பிடித்துப் பையில் போடுகிறீர்களே, பொரித்துச் சாப்பிடவா என்று கேட்டாள். கோர்டனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. பறவை ஆராய்ச்சியின் பலன்கள் குறித்து வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினார். பிரசங்கத்தின் நடுவே ஒரு பையில் கையை விட்டு ஒரு பொன்னுச்சிக் குருவியை எடுத்தார். காலில் வளையம் இருந்தது. நம்ம ஆளுதான் என்றார். அவளைப் பார்த்து ஒரு வாக்கியம், எனக்கு ஓர் இலக்கம், அவளுக்கு ஒரு வாக்கியம், எனக்கு ஓர் இலக்கம். கே, எஸ், நாலு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, ஒன்பது.

நோட்டில் வளையத்துக்கு ஆறு கட்டம்தான் உண்டு. கடைசியில் வந்த ஒன்பது, கட்டத்துக்கு வெளியே விழுந்தது. ஒன்று கூடுதலாக வருகிறதே என்று கேட்டேன்.

“நான் சொல்றத எழுதுங்க வாத்தம்மா. இங்க ஒரு நல்ல காரியத்த விளக்கிட்டிருக்கேன்.”

திருப்பிச் சொன்னேன். பார்க்காமலேயே ஆமாம் ஆமாம் என்றார். இறக்கையை அளந்தார். எடை நாலு புள்ளி எட்டு கிராம். வற்றிப்போன உடம்பு, பாவம் என்றார். அந்தப் பெண்ணுக்குக் காட்டுவதற்காக உள்ளங்கையில் வைத்து ஊதி, வாசல் வழியாகவே பறக்கவிட்டார். அவள் கைதட்டினாள். நாய்கள் குரைத்தன. எனக்கு அடுத்த பைக்குப் போனால் போதும் என்றிருந்தது. அன்று நூற்றுப்பத்துப் பறவை எழுதினேன். சரி, தொண்ணூற்றாறு.

மாலையில் அவர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அத்தனையையும் கணினியில் ஏற்ற வேண்டும். கோர்டன் ஒற்றை விரலால் தட்டுவார், நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். எழுபத்தொன்றாவது பறவையில் கணினி முரண்டு பிடித்தது. இப்படி ஓர் எண் கிடையாது என்றது. மூன்று முறை தட்டினார், மூன்று முறையும் இல்லை என்றது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என் நோட்டைப் பார்த்தார்.

என் கையெழுத்தில்தான் கோளாறாம். வயசாகிவிட்டதாம் எனக்கு. குளிரில் விரல் விறைத்து ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து எழுதியிருப்பேனாம். என்னைவிட இரண்டு வயது மூத்த மனிதர், புரை விழுந்த கண்ணோடு, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னேன், நீங்கள் ஆமாம் சொன்னீர்கள் என்றேன். அப்படி ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும் என்றார். ஒன்று கூடுதல் என்று நானே சொன்னேனே என்றேன். ஞாபகம் இல்லை என்றார். முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய எனக்கே அன்று ரத்தம் கொதித்தது. மொரீன் ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன் என் கதவு தட்டப்பட்டது. வீட்டுச் செருப்பும் பைஜாமாவுமாக, மேலே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கோர்டன் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. மொரீனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

“வாத்தம்மா, எண்ணு சரிதான். அது நம்மூர் வளையமே இல்ல.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவருக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லையாம். படுத்துக்கொண்டு அந்த ஏழு இலக்கத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எங்கள் வளையத்தில் ஆறு. இதில் ஏழு. அப்படியென்றால் வேறு நாடு.

“எந்த நாடுன்னு பின்னாடி போட்டிருந்திருக்கும். நான் திருப்பிப் பாக்கல. விலாசத்தப் பாக்கவே இல்ல.”

முப்பத்துமூன்று வருடம் காத்திருந்தது உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. மனிதர் அதை ஊதி விட்டிருக்கிறார், நாய் வளர்க்கிறவள் கைதட்ட. வெளியாள் யாரும் இப்படி ஏமாந்திருக்கமாட்டார். முதல்முறை வளையத்தைப் பார்க்கிற குழந்தைகூட முதலில் எழுத்தைத்தான் வாசித்திருக்கும். நாற்பதாயிரம் முறை ஒரே விலாசத்தைப் பார்த்தவர்தான் பின்பக்கம் பார்ப்பதை விட்டுவிடுவார்.

நேற்று மாலை என்னைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. ஏழு நிமிடத்தில் கிளம்ப முடியுமா என்றுதான் கேட்டார்.

நாடு தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதே போன்ற எண்ணை எத்தனையோ நாடு அடிக்கும். வளையம் வழங்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் ‘விலாசம் வாசிக்கப்படவில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தக் குருவியை மறுபடி பிடித்தால்தான் உண்டு. கட்டைவிரல் பருமன் குருவி, எட்டு மைல் முட்புதர், மீதி நாலு நாள்.

பதினெட்டாம் தேதி காற்று மேற்கே திரும்பியது. வலையில் இருபது பொன்னுச்சிக் குருவி. ஒவ்வொன்றின் காலையும் அவர் பூதக்கண்ணாடியோடு மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார். எல்லாம் நம்ம ஆள். இந்த முறை அந்த வார்த்தை அழுகிற குரலில் வந்தது. பத்தொன்பது முழுக்க மழை. மழையில் வலை விரிப்பது பாவம், பறவை நனைந்துவிடும். வலை விரிக்காமல் கொட்டகையில் உட்கார்ந்து, கம்புகளைப் பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் இருந்தார். வீட்டில் உட்கார்ந்து கம்பைப் பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். இருபதாம் தேதி வானம் கழுவிவிட்டது போல் தெளிந்தது. தெளிந்த இரவில் பறவைகள் கிளம்பிவிடும். அன்று வலையில் ஒரு ராபின், அதுவும் அவர் தோட்டத்து ராபின், அதே ஆள், அந்த வருடம் பதினெட்டாவது முறை. அது அவர் விரலைக் கடித்தது. அது கடித்தது நியாயம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நாட்களில் அவர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. வலைச் சுற்றை இருபது நிமிடம் என்பதைப் பத்தாக்கினார். என் கோட்டின் நீலம் பறவையை விரட்டுகிறது என்றார். பதினாறு வருடமாக அதே கோட்டு. மூச்சை மெதுவாக விடச் சொன்னார். மொரீன் ஆஸ்பத்திரிக்கான பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அதைத் தாண்டித் தாண்டிப் போனாரே தவிர ஒருமுறை பார்க்கவில்லை. தேதியை ஒரு வாரம் தள்ளினால் என்ன என்று என்னிடம் கிசுகிசுத்தார். மொரீனிடம் நீங்களே கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை, அவ்வளவு புத்தி பாக்கி இருந்தது.

இருபத்தொன்றாம் தேதி காலையும் ஒன்றும் இல்லை. வலைகளைச் சுருட்டிக் கம்புகளைப் பிடுங்கிக் கட்டினோம். மாலை அவர் வீட்டு அடுக்களையில் அந்த வருடத்து நோட்டை முடித்துவைக்க உட்கார்ந்திருந்தோம். மொரீன் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. கோர்டனுக்குக் காதும் மந்தம் என்பதால் அவர்கள் வீட்டுத் தொலைபேசியில் பேசுவது தெருமுனைக்குக் கேட்கும்.

டங்கன்தான். கண்ணுக்கு நல்லபடி ஆகட்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டானாம். அப்படியே பேச்சோடு பேச்சாக, இன்று காலை தன் வலையில் ஒரு பொன்னுச்சிக் குருவி விழுந்ததைச் சொன்னான்.

“வளையத்தத் திருப்பிப் பாத்தா லிதுவேனியா. பன்னெண்டாவது குண்டூசி. எண்ணு சொல்றேன் கேளுங்க, அழகான எண்ணு. கேஎஸ் நாலு பூஜ்யம் ஏழு…”

நான் நோட்டைப் புரட்டினேன். எழுபத்தொன்றாவது வரி. விரலை அதில் வைத்துக் கோர்டன் முன்னால் தள்ளினேன். அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, அந்த எண் அவருக்கு வேதம் மாதிரி மனப்பாடம். ஒன்று, ஒன்பது என்று டங்கன் சொல்வதற்கு முன் அவர் உதடு சொல்லிவிட்டது. என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். வாழ்த்துக்கள் டங்கன், ரொம்ப நல்லது என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் எரிச்சலின் உச்சிக்குப் போனேன். நாடு தெரிந்துவிட்டது. நோட்டில் பதினேழாம் தேதி, மணி, எடை எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. டங்கனுக்கு நாலு நாள் முன்னதாக அந்தக் குருவி கோர்டன் கையில் இருந்திருக்கிறது. டங்கன் வாசித்ததோடு சேர்த்து அனுப்பினால் அலுவலகம் இரண்டையும் ஏற்கும். முப்பத்துமூன்று வருடத்தில் முதல் வெளிநாட்டுப் பறவை, ஒரு தொலைபேசி தூரத்தில் இருக்கிறது. இதையெல்லாம் நான் சொன்னேன், மொரீன் சொன்னாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

“அவன்கிட்ட என்னன்னு சொல்றது? வளையத்தத் திருப்பிப் பாக்காத வளையக்காரன்னா? போய்ச் சேர்ற வரைக்கும் இந்தக் கரையில சொல்லிச் சிரிப்பானுங்க.”

“இப்ப மட்டும் என்ன, உன்னப் பாத்து யாரும் சிரிக்கலன்னா நெனைக்கிற?” என்றாள் மொரீன்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சின்னப் பிள்ளை மூலையில் நிற்கிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. தொலைபேசியை எடுத்தேன், டங்கனைக் கூப்பிட்டேன். நாலாம் வகுப்பில் அவனைக் கூப்பிடும் குரலில், டங்கன் ரெய்த்பி, நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேள் என்றேன். அவன் உடனே சரி மிஸ் என்றான். நடந்ததைச் சொன்னேன். சிரித்தால் அவனுடைய நாலாம் வகுப்புக் கட்டுரைகள் இன்னும் என் பரணில் இருப்பதை ஞாபகப்படுத்தினேன். அவன் சிரிக்கவில்லை. பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இரண்டு பதிவும் அன்று மாலையே அலுவலகத்துக்குப் போயின.

மறுநாள் கோர்டன் ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். நவம்பர் இரண்டாவது வாரம் பதில் வந்தது. பால்டிக் கடற்கரையில் செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி வளையம் மாட்டிய இளம் பெண் குருவி. பதினெட்டு நாளில் எண்ணூற்றைம்பது மைல். கண்டவர் பெயர் என்ற இடத்தில் முதலில் ஜி. மாபி, கீழே டி. ரெய்த்பி. எங்கள் புதரில் விழும்போது நாலு புள்ளி எட்டு கிராம், அக்கரையில் டங்கன் எடை போட்டபோது ஐந்து புள்ளி ஆறு. நாலு நாள் எங்கள் முள்ளில் பூச்சி பொறுக்கித் தின்று கொழுத்திருக்கிறது. அலுவலகத்துக்காரர்கள் இந்த எடைக் கணக்குக்காகத் தனியே நன்றி எழுதியிருந்தார்கள். டங்கனுடைய ஒற்றை எடையில் அது தெரிந்திருக்காது.

கோர்டன் அதைப் புதுக் கண்ணால் தானே வாசித்தார். மூன்று முறை. பிறகு மொரீனிடம், அடுத்த கண்ணுக்கு எப்போது தேதி என்று கேட்டார். ஏப்ரல் என்றாள். ஏப்ரலில் முடியாது, வசந்தப் பறவைகள் வரும் என்றார். அவள் கையில் இருந்த கரண்டியை நான்தான் வாங்கி வைத்தேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, இன்று காலை மொரீனின் அடுக்களையில் வைத்து அவளுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னேன். அவள் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டே கேட்டாள். நீர்க்கோழிக்குச் சிரித்தாள், கல்யாணத்துக்கு முறைத்தாள். தொலைபேசி இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நீ எங்க பேசின? நீ ரிசீவர எடுத்து எண்ணத் தேடிட்டிருந்த. கோர்டன் வந்து உன் கையிலேர்ந்து வாங்கினான். ‘டங்கன், அந்தக் குருவி பதினேழாம் தேதி என் கையில இருந்துச்சு, நான் விலாசத்தப் பாக்கல’ன்னு அவனேதான் சொன்னான். டங்கன் சிரிக்கல. ‘எடை என்ன இருந்துச்சு’ன்னு கேட்டான். அதுலேர்ந்து ரெண்டு பேரும் விடல. பத்து நிமிஷமும் இல்ல, முக்கா மணி நேரம். என் சாசேஜ் மொத்தமும் கருகிப்போச்சு. எழுதறதுன்னா அத எழுது.”